திரு. ஒகுடாவின் பிஸ்டன் கறுப்பாக இருந்தது

சென்ற மாதம் ப்ளான்ட் கிளப்பில் நடந்த இரங்கல் கூட்டத்திலிருந்து நான் பாதியில் எழுந்து போனது உண்மை. முன்வரிசையில் நாற்காலி தரவில்லை என்று கோபித்துக்கொண்டு போனதாக வளைகுடாவில் நம் ஃபஹாஹீலில் பேசிக்கொள்கிறார்களாம். அது தவறு. நாற்காலி தந்தார்கள். முன்வரிசைதான், ஏ.சி.க்கு நேர் எதிரே. நான் எழுந்ததற்குக் காரணம், மேடையில் மாலைக்கு நடுவே வைத்திருந்த ஒரு பிஸ்டன். அது பளபளவென்று இருந்தது. அப்படி இருந்திருக்கக் கூடாது.

காலமான திரு. ஒகுடா அவர்களைப் பற்றி இந்த மலருக்கு எழுதக் கேட்டபோது, "நல்லதா நாலு வார்த்தை எழுதுங்கம்மா" என்றார் நம் தமிழ்ச் சங்கச் செயலாளர். உண்மையாக எழுதுகிறேன் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

செய்தி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். என் மகன் சேகர் ப்ளான்டிலிருந்து போன் செய்தான்.

"அம்மா, உக்காந்துக்கோங்க. ஒகுடா சார் போயிட்டார்."

"எங்கே?" என்று கேட்டேன். அவர் லீவில் ஊருக்குப் போவதாகச் சொல்லியிருந்தார்.

ஊருக்கு இல்லை என்றான் சேகர். பிறகு, சாப்பாட்டு ஹாலில் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டார், மாரடைப்பு என்று சொன்னான்.

"யார் பக்கத்துல இருந்தா? டாக்டர் எப்ப வந்தார்?"

"அம்மா, இப்பவுமா?"

இப்போதும்தான். போரில் என் அண்ணனை இழந்தேன். கப்பலில் வயர்லெஸ் ஆபரேட்டர். ரங்கூனிலிருந்து கிளம்பிய கப்பல் வந்து சேரவில்லை. ஜப்பானியர் மூழ்கடித்தார்கள் என்றார் ஒருவர். கண்ணிவெடி என்றார் இன்னொருவர். புயல் என்று மூன்றாமவர் சொன்னார். மூவரும் உறுதியாகச் சொன்னார்கள். ஒருவரும் எழுதித் தரவில்லை. அன்றிலிருந்து யார் இறந்த செய்தி வந்தாலும், எப்படி என்று கேட்பேன்.

ப்ளான்டில் வேலை செய்யும் நம் ஆட்களுக்கு ஒகுடா அவர்களைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கடல்நீரைக் குடிநீராக்கும் ப்ளான்டுக்குப் பம்புகளும் எஞ்சின்களும் கொடுத்த ஜப்பானியக் கம்பெனியின் பொறியாளர் அவர். குள்ளமான உருவம். ஒட்ட வெட்டிய நரைமுடி. ஆகஸ்டு வெயிலிலும் முழுக்கைக் காக்கிச் சட்டை. ஓடுகிற பம்பின் மேல் ஸ்க்ரூடிரைவரின் முனையை வைத்து, பிடியைக் காதோடு சேர்த்து, கண்ணை மூடிக் கேட்பாராம். அதனால் நம் ஆட்கள் அவருக்கு "டாக்டர்" என்று பெயர் வைத்திருந்தார்கள்.

எண்ணெய் விலை ஏறி ஊரெங்கும் கிரேன்கள் நிற்கத் தொடங்கிய மறு வருடம், ஒரு வெள்ளிக்கிழமை, சேகர் அவரைச் சாப்பிட அழைத்து வந்தான். அவர் கையில் பட்டுத்துணியில் சுற்றிய ஒரு தேநீர்க் கோப்பைப் பெட்டி இருந்தது.

எனக்கு உடனே சந்தேகம் வந்தது. சேகர் வேலை பார்ப்பது மினிஸ்ட்ரி சார்பில் சாமான்களைச் சரிபார்க்கும் இடத்தில். சாமான் கொடுப்பவரின் ஆள், அதைச் சரிபார்ப்பவன் வீட்டுக்குப் பரிசோடு வருகிறார். ஆங்கிலத்திலேயே நேராகச் சொன்னேன்: "திரு. ஒகுடா, பரிசு வேண்டாம். என் மகன் உங்கள் பம்பில் குறை கண்டால் எழுதத்தான் செய்வான். இந்த வீட்டில் ப்ளான்ட் பேச்சும் கிடையாது. இரண்டுக்கும் சம்மதமென்றால் சாப்பிட உட்காருங்கள்."

சேகரின் முகம் சிவந்துபோயிற்று. ஒகுடா பெட்டியைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். ரசத்தை இரண்டு முறை கேட்டு வாங்கிக்கொண்டார். அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தார். வாசலில் நின்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டிவிட்டு உள்ளே வந்தார். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் அப்படித்தான். என் மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடுவாள்.

நான் அவருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்ததாகவும் சொல்கிறார்கள். அதுவும் தவறு. அவருக்கு ஆங்கிலம் போதுமான அளவு தெரியும். சேகர்தான், "எங்கம்மா கான்வென்ட். ஒரு கமா தப்பா இருந்தாலும் விடமாட்டாங்க" என்று என்னைப் பற்றிப் பெருமையடித்திருக்கிறான். எழுதி வைத்திருந்த சில பக்கங்களை நான் படித்துப் பார்க்க வேண்டும் என்று ஒகுடா கேட்டார். அது ஒரு விமான எஞ்சினைப் பற்றியது. இளைஞராக இருந்தபோது, போரின் கடைசிக் காலத்தில், அதை வரைந்தவர்களில் அவரும் ஒருவர். அது விமானத்தில் ஏறவே இல்லை. சோதனைக் கொட்டகையோடு நின்றுபோயிற்று.

எனக்கு எஞ்சின் புதிதல்ல. என் கணவர் போர்க்காலத்தில் பெங்களூரில் விமான எஞ்சின் பழுதுபார்க்கும் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டர். எங்கள் வீட்டில் சாம்பல் கிண்ணமே ஒரு பழைய பிஸ்டன்தான். எஞ்சின்காரர்கள் எல்லோர் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கும். அவர் கையாண்ட அமெரிக்க எஞ்சின்களில், நட்சத்திரம் போலச் சுற்றி நிற்கும் சிலிண்டர்கள் பதினான்கு. பெரியவற்றில் பதினெட்டு. ஒகுடா தம்முடையதில் இருபத்திரண்டு என்று எழுதியிருந்தார். முன்வரிசையில் பதினொன்று, அதன் முதுகோடு பதினொன்று.

கதை அளக்கிறார் என்று நினைத்தேன். அப்படியே கேட்டேன்: "முன்னால் பதினொன்று அடைத்து நின்றால், பின்னால் இருப்பவற்றுக்குக் காற்று எப்படிப் போகும்? சூடேறி வெந்துவிடாதா?"

அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "வெந்துவிட்டது" என்றார்.

அதன் பிறகு சொன்னதை இங்கே சுருக்கமாகத் தருகிறேன். நான் சந்தேகத்தோடு கேட்டேன் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

எஞ்சின் சோதனைக் கொட்டகையில் ஓடியது. எரிபொருள் ஊற்றி, நெருப்புப் பிடித்து, சொந்தமாக ஓடியது. பின்வரிசை எப்போதும் சூடாகவே இருந்தது. ஒரு நாள் முழு வேகத்தில் ஓட்டியபோது, பின்வரிசைச் சிலிண்டர் ஒன்று பிய்த்துக்கொண்டு தடுப்பை உடைத்து வந்தது. அளவுமானிகள் பொருத்திய பலகையின் முன் நின்றிருந்த இஷிதா என்ற நண்பர் அங்கேயே இறந்தார். போர்க்காலத்தில் புது எஞ்சின் உடைந்தது என்று வெளியே சொல்லக் கூடாது. எல்லோரையும் வாய் திறக்கவிடாமல் செய்தார்கள். பிறகு குண்டுவீச்சில் கொட்டகையே அழிந்தது. போர் முடிந்ததும், இன்று பம்பு கொடுக்கும் இதே கம்பெனி, அந்த எஞ்சினை மின்மோட்டாரால் வெறுமனே சுற்றிப் பார்த்ததுதான் உண்டு, அது ஒருநாளும் தானாக ஓடவில்லை, இஷிதா இறந்தது குண்டுவீச்சில் என்று சொல்லிவிட்டது.

இஷிதாவுக்கு ஒரு தங்கை. இன்றும் இருக்கிறார். அவரிடம் ஒகுடா ஒன்றைச் சொன்னார், கம்பெனி வேறொன்றைச் சொன்னது. "அவரிடம் இரண்டு பதில்கள் இருக்கின்றன" என்றார் ஒகுடா. "ஒன்றை எடுத்துவிட வேண்டும். எதை எடுத்தாலும் பரவாயில்லை, ஒன்றுதான் இருக்க வேண்டும்." அமெரிக்கர்கள் அள்ளிக்கொண்டு போன போர்க்காலச் சாமான்களை ஆராய்கிறவர்களுக்கு ஆங்கிலத்தில் எழுதி, சான்றையும் அனுப்ப நினைத்தார். அவர்கள் கம்பெனிக்கு வேண்டியவர்களும் அல்ல, ஒகுடாவுக்கு வேண்டியவர்களும் அல்ல.

"சான்று எங்கே?" என்றேன்.

அடுத்த வாரம் வாசலில் ஒரு கையை மட்டும் விரித்துக் காட்டினார். மறு கையில் துணி மூட்டை. "இது பரிசு இல்லை. திரும்ப எடுத்துக்கொண்டு போவேன்" என்றார்.

பிஸ்டன் எங்கள் வீட்டுச் சாம்பல் கிண்ணத்தைவிடப் பெரியது. உள்பக்கத்தில் ஜப்பானிய எழுத்துகள் குத்தியிருந்தன. விபத்துக்கு மறுநாள் எஞ்சினைப் பிரித்தபோது பின்வரிசையிலிருந்து எடுத்து ஒளித்து வைத்ததாம். அவர் அதை விளிம்பில் பிடித்தே தூக்கினார். தலைப்பக்கம் முழுக்கக் கறுப்பு. ஓர் ஓரத்தில் மட்டும் சாம்பல் நிறம். காற்றுப் போகாத பக்கம் அது என்றார். வெறும் மோட்டாரால் சுற்றிய எஞ்சினில் எண்ணெய்தான் இருக்கும், கரி வராது. இது என் கணவர் சொல்லி எனக்கே தெரியும்.

"இந்த எழுத்தை நீங்களே குத்தியிருக்கலாம்."

"குத்தியிருக்கலாம்" என்று ஒப்புக்கொண்டார்.

"அடுப்பில் காட்டினாலும் கறுப்பாகும்."

"ஆகும். தொட்டுப் பாருங்கள். ஒரு முறை மட்டும், ஓரத்தில்."

தொட்டேன். அடுப்புக் கரி விரலில் வரும். இது வரவில்லை. அடிப்பிடித்த பால் பாத்திரத்தை விளக்கிப் பழகியவர்களுக்குத் தெரியும், அந்தக் கறுப்பு பாத்திரத்தோடு பாத்திரமாகிவிடும். அப்படித்தான் இருந்தது. விரலைச் சேலைத் தலைப்பில் தேய்த்துப் பார்த்தேன். சேலை சுத்தமாகவே இருந்தது.

"இது ஏதோ ஒரு எஞ்சினில் எரிந்தது என்று நம்புகிறேன். உங்கள் எஞ்சினில் எரிந்தது என்பதை இன்னும் நம்பவில்லை" என்றேன்.

சேகர் பொறுக்காமல், "அம்மா, போதும். அவர் என்ன கோர்ட்லயா நிக்கறார்?" என்றான்.

ஒகுடா அவனைத் தடுத்தார். "சேகர்-சான், முப்பது வருடமாக எல்லோரும் நான் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டுகிறார்கள். ஆட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். உங்கள் அம்மாதான் இன்னும் ஆட்டவில்லை. இவரைத் தாண்டினால் மற்றவர்களையும் தாண்டிவிடலாம்."

பலர் நினைப்பது போல எங்களுக்குள் இருந்தது நட்பு அல்ல, அல்லது எனக்குத் தெரிந்த வகை நட்பு அல்ல. அவர் சொல்லுவார், நான் மறுப்பேன், அவர் மறுவாரம் விடையோடு வருவார். ஒரு பத்தி நான் ஒப்புக்கொள்ளும்படி அமைந்துவிட்டால் "கலாஸ்" என்று மேசையைத் தட்டுவார். 'முடிந்தது' என்ற அந்த அரபுச் சொல்லை இங்கேதான் கற்றுக்கொண்டாராம். பெரும்பாலும் தட்ட விட மாட்டேன்.

கம்பெனியின் இங்குள்ள மேனேஜர் திரு. நிஷிமுராவை ஒரே ஒரு முறை கிளப் விருந்தில் சந்தித்தேன். மிகப் பணிவானவர். தாமாகவே என்னிடம் வந்து, "ஒகுடா-சான் உங்களிடம் பழைய கதைகள் சொல்கிறாராமே. வயதானால் நினைவுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும்" என்றார். அவருக்கு யார் சொன்னது என்று கேட்டேன். சிரித்துவிட்டுச் சமோசாத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். அன்று இரவே ஒகுடாவுக்குப் போன் செய்து, பிஸ்டனைப் பூட்டி வைக்கும்படி சொன்னேன். "என் ஆபீஸ் மேசையிலேயே இருக்கட்டும். அதைப் பார்க்கிறவர்கள் கூடினால் நல்லதுதானே" என்றார். அந்த ஒரு விஷயத்தில் அவர் என் பேச்சைக் கேட்கவில்லை.

அவருடைய உடலை விமானத்தில் ஊருக்கு அனுப்பினார்கள். சேகரோடு நானும் விமான நிலையச் சரக்குப் பகுதி வரைக்கும் போனேன். பெட்டி போன பிறகு, அவருடைய சாமான்கள் கம்பெனி ஆபீசில் இருப்பதாகச் சொன்னார்கள். அவர் எழுதிய பக்கங்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை, காகிதத்தில் யாரும் எழுதலாம். பிஸ்டனைப் பற்றித்தான் கேட்டேன். "பத்திரமாக இருக்கிறது" என்று பதில் வந்தது.

இரங்கல் கூட்டத்தில் அதைப் பார்த்தேன். தேக்குப் பலகையில் நிறுத்தி, கீழே பித்தளைத் தகடு அடித்திருந்தார்கள். தலைப்பக்கம் கண்ணாடி போல மின்னியது. ஒரு கணம், இது வேறு பிஸ்டன் என்றே நினைத்தேன். அப்போது நிஷிமுரா பேசிக்கொண்டிருந்தார். ஒகுடாவின் உழைப்பு, பணிவு எல்லாம் சொன்னார். எல்லாம் சரி. பிறகு கையை நீட்டி, "இளமையில் ஒருநாளும் ஓடாத ஓர் எஞ்சினுக்காக உழைத்தார். இதோ அதன் பிஸ்டன். இன்றும் புதிது போல இருக்கிறது" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

நான் எழுந்து மேடைக்குப் போனேன். பலகையோடு சாய்த்து உள்பக்கம் பார்த்தேன். அதே எழுத்துகள். தலைப்பக்கத்தில் என் முகம்தான் தெரிந்தது. இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன். இரங்கல் கூட்டத்தில் குரலை உயர்த்தக் கூடாது என்று எங்களை வளர்த்திருக்கிறார்கள். என் முதுகுக்குப் பின்னால் ஒருவர், "பெரியம்மாவுக்கு டீ வரலை போல" என்றதும் காதில் விழுந்தது.

பாலிஷ் போட்டவர் யார் என்று சேகர் விசாரித்தான். பட்டறையில் ஃபிட்டர், நம் ஊர்ப்பக்கத்துக்காரர், குழந்தை குட்டிகளை ஊரில் விட்டுவிட்டு வந்தவர். அவர் பெயரை எழுத மாட்டேன். வெள்ளிக்கிழமை தொழிலாளர் கேம்ப்பிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். காப்பி கொடுத்தேன்.

"உங்ககிட்ட யார் கொடுத்தாங்க தம்பி?"

"ஃபோர்மேன் பாய்தாம்மா. ஜல்தி, சாயங்காலத்துக்குள்ள கண்ணாடியாட்டம் ஆக்கிருன்னாரு."

"அவருக்கு யார் சொன்னாங்க?"

"அது எனக்கெப்படிம்மா தெரியும்? மேல இருந்து வந்திருக்கும்."

"கையில வாங்கும்போது எப்படி இருந்தது?"

"அழுக்கா இருந்துச்சு."

"அழுக்குன்னா என்ன? எண்ணெயா, துருவா, கரியா?"

அவர் சேகரைப் பார்த்தார். "கரிதாம்மா. மண்டை முழுக்கக் கறுப்பு. ஒரு ஓரமா சாம்பல் பூத்தாப்ல. மண்ணெண்ணெயில ஊறப்போட்டேன், அசையல. பெறகு எமரித்தாள் போட்டுத் தேச்சு, பஃப் வச்சு மின்ன வச்சேன். சாதாரணக் கரின்னா தொடச்சா போயிருக்கும். இது லேசுல விடலம்மா." கோப்பையைக் கீழே வைத்தார். "டாக்டருக்குச் செய்யற கடைசி வேலையாச்சேன்னு பாத்துப் பாத்துச் செஞ்சேன். நல்லா வந்திருக்காம்மா?"

"வேலை ரொம்ப சுத்தமா இருக்கு" என்றேன். அது உண்மை. பட்டறைக்காரர்கள் ஒருவருக்கு மரியாதை செய்ய வேண்டுமென்றால், அவர் தொட்ட பாகத்தைத் தேய்த்து மின்ன வைத்துப் பலகையில் நிறுத்துவார்கள். பெங்களூரிலும் அப்படித்தான். என் கணவர் ஓய்வு பெற்றபோது எங்களுக்கும் ஒன்று வந்தது.

"இப்ப சொன்னத எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?"

"அம்மா, எழுத்து கிழுத்துன்னு மட்டும் கேக்காதீங்க. காண்ட்ராக்ட் முடியற நேரம். விசா குடுத்த கஃபீல் காதுக்குப் போச்சுன்னா கலாஸ்."

நான் மேலே கேட்கவில்லை. அவர் பயத்துக்குக் காரணம் இருக்கிறது.

நிஷிமுராவையும் போய்ப் பார்த்தேன். சுத்தம் செய்யச் சொன்னது யார் என்று கேட்டேன். பட்டறைக்காரர்கள் அன்பினால் தாங்களாகவே செய்தார்கள் என்றார். தேய்த்தவரோ ஃபோர்மேன் சொல்லித்தான் செய்தேன் என்கிறார். இரண்டும் ஒன்றாக உண்மையாக இருக்க முடியாது. சொன்னதை எழுதித் தரும்படி கேட்டேன். தேநீர் வரவழைத்தார். பிஸ்டன் ஜப்பானில் கம்பெனியின் காட்சிக்கூடத்துக்குப் போகப்போகிறதாம். பித்தளைத் தகட்டில் இருப்பதை சேகர் குறித்து வந்தான். அதிலும் "ஓடாத எஞ்சின்" என்றே இருக்கிறது.

"அம்மா, நிஷிமுரா வில்லன் இல்ல, சாதாரண மேனேஜர்" என்கிறான் சேகர். "செத்தவர் சாமான துடைச்சு வைக்கிறது மனுஷ சுபாவம். யாரோ நல்லதுன்னு நினைச்சு செஞ்சிருக்காங்க. உங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம்."

இருக்கலாம். வில்லன் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் நல்லது நினைத்துச் செய்ததோ கெட்டது நினைத்துச் செய்ததோ, ஒரு பெண்ணின் கையில் இருக்க வேண்டிய ஒரே பதிலை எமரித்தாள் போட்டுத் தேய்த்துவிட்டார்கள். அவள் அண்ணன் எப்படி இறந்தான் என்பதற்கு இனி அந்தப் பிஸ்டன் சாட்சி சொல்லாது. அது கறுப்பாக இருந்ததைப் பார்த்த கண்கள்தான் சொல்ல வேண்டும்.

ஒகுடா அவர்களைக் கடைசியாகப் பார்த்த வெள்ளிக்கிழமை தூசிக்காற்று. என் சமையலறைத் துண்டு ஒன்றை வாங்கி மூக்கையும் வாயையும் சுற்றிக் கட்டிக்கொண்டு கிளம்பினார். நான் ஜன்னலுக்கு வந்தேன். தெரு மறுபக்கம் பக்காலா மளிகைக் கடைக்காரர் இரும்புக் கதவை இறக்கிக்கொண்டிருந்தார். அதன் அருகில் நின்று, ஒகுடா எங்கள் ஜன்னல் இருக்கும் பக்கமாகக் கையைத் தூக்கினார். நானும் தூக்கினேன். அந்தத் தூசியில் அவருக்குத் தெரிந்திருக்காது.

ஒகுடா அவர்களே, போய் வாருங்கள். நீங்கள் சொன்னதை முழுவதும் நான் இன்னும் நம்பிவிடவில்லை. அப்படிச் சொன்னால் உங்களுக்கே பிடிக்காது. ஆனால் கறுப்பை என் கண்ணால் பார்த்தேன், விரலால் தொட்டேன். அதை எழுதி, கையெழுத்திட்டு, நீங்கள் தந்திருந்த முகவரியில் இஷிதாவின் தங்கைக்கு அனுப்பிவிட்டேன்.

ஒரு கிழவியின் சாட்சி போதாது. ஒகுடா அவர்களின் மேசையில் அந்தப் பிஸ்டனைப் பார்த்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். எப்போது பார்த்தீர்கள், தலைப்பக்கம் என்ன நிறத்தில் இருந்தது என்பதை மட்டும் எழுதுங்கள். நினைத்ததை எழுத வேண்டாம், பார்த்தது போதும். கறுப்பாக இல்லை என்று நினைவிருந்தால் அதையும் எழுதுங்கள். தமிழில் எழுதினால் நான் ஆங்கிலத்தில் பெயர்த்து அனுப்புகிறேன். போனில் சொல்ல வேண்டாம். வீட்டுக்கு வந்து சொன்னால் காப்பி தருவேன், கூடவே காகிதமும் பேனாவும் தருவேன். இந்த மலரின் ஆசிரியர் வழியாக, கையெழுத்துடன், உங்கள் பதிலை எழுத்தில் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.